பக்கவாதத்துக்குப் பிறகு மூளைக்கு 'கரன்ட்', கைக்குப் பயிற்சி: இரண்டும் சேர்ந்தால் என்ன ஆகும்?

பக்கவாதம் வந்த ஒருவர் ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பி ஆறேழு மாதம் ஆனதும் பல குடும்பங்களில் ஒரே மாதிரியான பேச்சுதான் நடக்கும். பேச்சு ஓரளவு திரும்பிவிட்டது, சுவரைப் பிடித்தாவது நடக்கிறார், ஆனால் கை மட்டும் அப்படியே இருக்கிறது. சட்டைக்குப் பட்டன் போட முடியவில்லை. சோறு பிசைந்து சாப்பிட முடியவில்லை. பிசியோதெரபிஸ்ட் வாரத்தில் இரண்டு நாள் வந்துபோகிறார். "இனிமே இவ்வளவுதான்" என்று யாராவது ஒருவர் சொல்லியும் இருப்பார். அந்த நேரம் பார்த்து உறவினர் ஒருவர் வாட்ஸ்அப்பில் ஒரு வீடியோ அனுப்புவார். தலைமேல் எட்டு வடிவத்தில் ஒரு காந்தச் சுருளை வைக்கிறார்கள், டக் டக் என்று சத்தம் வருகிறது, அசையாமல் கிடந்த விரல் துடிக்கிறது.

அந்தத் துடிப்பு பொய் இல்லை. ஆனால் அது குணமாவதற்கான அடையாளமும் இல்லை. அந்தச் சுருளை நல்ல ஆரோக்கியமான ஒருவரின் தலையில் சரியான இடத்தில் வைத்தாலும் விரல் அப்படித்தான் துடிக்கும். இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் ஆண்டனி பார்க்கர் என்ற விஞ்ஞானியின் குழு 1985-ல் முதன்முதலாகச் செய்துகாட்டியதே இதைத்தான். காந்தப் புலம் மண்டையோட்டைத் தாண்டிப் போய், மூளையில் கையை ஆளும் பகுதியை ஒரு கணம் தட்டுகிறது. கட்டளை தண்டுவடம் வழியாக இறங்குகிறது, தசை துடிக்கிறது. வெளியிலிருந்து ஒரு பட்டனை அழுத்தியதும் கை ஆடுவதும், நோயாளி நினைத்ததும் கை டம்ளரை எடுப்பதும் ஒன்றல்ல.

முதலாவதிலிருந்து இரண்டாவதுக்குப் போக முடியுமா? கடந்த 20 ஆண்டுகளாக உலகம் முழுக்க நரம்பியல் மருத்துவர்களும் மறுவாழ்வு சிகிச்சை நிபுணர்களும் இதைத்தான் தேடிக்கொண்டிருக்கிறார்கள். கிடைத்த பதில்கள், வாட்ஸ்அப் வீடியோவில் வருவதைவிடக் கொஞ்சம் சிக்கலானவை. பணத்தைக் கட்டுவதற்கு முன் குடும்பங்கள் அவற்றைத் தெரிந்துகொள்வது நல்லது.

தூண்டலில் எத்தனை வகை?

'மூளைத் தூண்டல்' என்று ஒரே பெயரில் சொல்லப்பட்டாலும் உள்ளே இருப்பவை வேறு வேறு சமாச்சாரங்கள். மேலே பார்த்த காந்தச் சுருள் முறைக்கு டி.எம்.எஸ். என்று பெயர். இதே முறை மன அழுத்த நோய்க்கு 2008-லேயே அமெரிக்காவில் அனுமதி பெற்றுவிட்டது. இரண்டாவது டி.டி.சி.எஸ். உப்புநீரில் நனைத்த இரண்டு பஞ்சுப் பட்டைகளைத் தலையில் வைத்து, ஒன்று அல்லது இரண்டு மில்லி ஆம்பியர் அளவுக்கு மெல்லிய மின்சாரம் பாய்ச்சுவார்கள். கொஞ்சம் ஊறல் எடுக்கும், அவ்வளவுதான். இதில் விரல் துடிக்காது. நரம்பணுக்கள் வேலை செய்யத் தயாராகும் அளவுக்கு அவற்றை லேசாக உசுப்பிவிடுவதுதான் நோக்கம். ஜெர்மனியின் கோட்டிங்கன் நகரில் நிட்ஷே, பவுலஸ் என்ற இருவர் 2000-ல் வெளியிட்ட ஆய்வுக்குப் பிறகு இது பரவலானது. கருவி சின்னது, விலையும் குறைவு. அதனால்தான் இது இவ்வளவு வேகமாகப் பல ஊர்களுக்கும் வந்துசேர்ந்தது.

மற்ற முறைகளுக்கு அறுவை சிகிச்சை தேவை. கழுத்தில் ஓடும் வேகஸ் நரம்பில் கம்பி சுற்றுவது, மூளைக்குள் ஆழமாக மின்முனை பதிப்பது, கழுத்துப் பகுதித் தண்டுவடத்தில் மின்முனை வைப்பது போன்றவை.

இந்த எல்லா முறைகளுக்கும் அடியில் இருப்பது ஒரே ஒரு நம்பிக்கைதான். பக்கவாதத்தில் மூளையின் ஒரு பகுதி ரத்தம் கிடைக்காமலோ, ரத்தக் கசிவாலோ செத்துவிடுகிறது. செத்த அணுக்கள் திரும்பி வராது. ஆனால் சுற்றியிருக்கும் பகுதிகள் புது இணைப்புகளைப் போட்டுக்கொண்டு அந்த வேலையை ஓரளவு ஏற்றுக்கொள்ள முடியும். அப்படி இணைப்பு உருவாக வேண்டுமானால் அந்த அசைவைத் திரும்பத் திரும்பச் செய்தாக வேண்டும். சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொள்வது மாதிரிதான். ஆளைத் திண்ணையில் உட்காரவைத்து மூளைக்கு மட்டும் கரன்ட் கொடுத்தால் எந்த இணைப்பைப் பலப்படுத்துவது என்று மூளைக்குத் தெரியாது. அதனால்தான் தீவிரமான ஆய்வாளர்கள் யாரும் தூண்டலை மட்டும் தனியாகப் பேசுவதில்லை. 'தூண்டலோடு சேர்ந்த பயிற்சி' என்றுதான் சொல்கிறார்கள். விளம்பரங்களில் காணாமல் போவது இந்த இரண்டாவது பாதிதான்.

போலி இயந்திரமும் அதே பலன் கொடுத்த கதை

பெரிய ஏமாற்றம் முதலில் வந்தது 2008-ல். அமெரிக்காவின் சியாட்டில் பகுதியைச் சேர்ந்த நார்த்ஸ்டார் நியூரோசயின்ஸ் என்ற நிறுவனம், மண்டையோட்டைத் திறந்து மூளையை மூடியிருக்கும் உறையின் மேல் மின்முனையைப் பதித்து, அதோடு கைப் பயிற்சியும் கொடுத்துப் பார்த்தது. குரங்குகளிடம் பலன் தெரிந்தது, சிறிய மனித ஆய்வுகளிலும் தெரிந்தது. 'எவரெஸ்ட்' என்று பெயர் வைத்து நடத்திய பெரிய ஆய்வில், மின்முனை வைத்தவர்களும் வெறும் பயிற்சி மட்டும் எடுத்தவர்களும் எதிர்பார்த்த அளவுக்கு வேறுபடவில்லை. பிறகு அந்த நிறுவனமே கலைக்கப்பட்டது.

அடுத்தது காந்தச் சுருளின் முறை. இதற்குப் பின்னால் ரொம்ப அழகான ஒரு கோட்பாடு இருந்தது. மூளையின் இடது பாதியும் வலது பாதியும் ஒன்றையொன்று சற்று அடக்கிவைத்துக்கொண்டேதான் வேலை செய்கின்றன. பக்கவாதத்தில் ஒரு பாதி பலவீனமானதும் நல்ல பாதி கட்டுக்கு அடங்காமல் போய், பாதிக்கப்பட்ட பாதியை இன்னும் அமுக்குகிறது. அப்படியானால் நல்ல பாதியைக் கொஞ்சம் அடக்கினால் போதும், மறுபாதி மூச்சுவிடும். நொடிக்கு ஒரு துடிப்பு என்ற மெதுவான வேகத்தில் காந்தத் தூண்டல் கொடுத்தால் அந்தப் பகுதி மந்தமாகும் என்பது ஏற்கெனவே தெரிந்த விஷயம். கேட்டவுடன் தலையாட்ட வைக்கும் கோட்பாடு. ஏராளமான சிறு ஆய்வுகள் இதற்கு ஆதரவாக வந்தன.

'நிச்' என்ற ஆய்வு இதைப் பெரிய அளவில் சோதித்தது. முடிவு 2018-ல் வெளியானது. அமெரிக்காவின் 12 மையங்களில், பக்கவாதம் வந்து 3 முதல் 12 மாதங்கள் ஆன 199 பேர் சேர்க்கப்பட்டார்கள். குலுக்கல் முறையில் சிலருக்கு உண்மையான காந்தத் தூண்டல், சிலருக்கு அதே மாதிரி சத்தம் போடும் போலித் தூண்டல். யாருக்கு எது என்று நோயாளிக்குத் தெரியாது. ஆறு வாரங்களில் 18 அமர்வுகள். ஒவ்வொரு அமர்விலும் தூண்டலோடு சேர்த்து கைக்கான தீவிரப் பயிற்சி.

ஆறு மாதம் கழித்து அளந்தார்கள். உண்மையான தூண்டல் பெற்றவர்களில் 67 சதவீதம் பேருக்குக் குறிப்பிடத்தக்க முன்னேற்றம். போலித் தூண்டல் பெற்றவர்களில்? 65 சதவீதம்.

இந்த இரண்டு எண்களையும் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். "காந்த சிகிச்சை தோற்றது" என்று ஒரு வரியில் செய்தி எழுதிவிடலாம், அது தவறும் இல்லை. ஆனால் இதே ஆய்வை இன்னொரு பக்கமிருந்து படித்துப் பாருங்கள். பக்கவாதம் வந்து பல மாதங்கள் ஆன பிறகும், ஒழுங்கான, இலக்கு வைத்த, விடாத பயிற்சி கொடுத்ததும் மூன்றில் இரண்டு பங்கு பேருக்குக் கை மேம்பட்டிருக்கிறது. அதில் சுமார் மூன்றில் ஒரு பங்கு பேருக்கு ஆய்வுக்கான தூண்டலே போகவில்லை. "ஆறு மாசம் தாண்டிட்டா ஒண்ணும் பண்ண முடியாது" என்று வீடு வீடாகச் சொல்லப்படும் வாக்கியத்துக்கு இதைவிட நல்ல மறுப்பு தேவையில்லை.

அந்தப் போலிச் சுருளே லேசாகத் தூண்டியிருக்குமோ என்று சிலர் சந்தேகப்பட்டார்கள். வேறு போலிச் சுருளை வைத்து இன்னொரு ஆய்வும் நடந்தது. முடிவு மாறவில்லை. இதற்கிடையே, 2019-ல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் நோயாளிகளை ஓராண்டு தொடர்ந்து கவனித்துவிட்டு, நல்ல பாதி அமுக்குகிறது என்ற கோட்பாட்டையே கேள்வி கேட்டார்கள். பக்கவாதம் வந்த தொடக்கத்தில் அந்த ஏற்றத்தாழ்வு தென்படவே இல்லை, நாள்பட்ட கட்டத்தில்தான் தென்படுகிறது, ஆகவே கை வராததற்குக் காரணம் அதுவாக இருக்க வாய்ப்பில்லை என்பது அவர்கள் வாதம். இன்றும் பல கிளினிக் விளம்பரங்களில் அந்த ஏற்றத்தாழ்வுப் படம் அம்புக்குறிகளோடு அப்படியே ஓடிக்கொண்டிருக்கிறது.

மெல்லிய மின்சார முறையின் கதையும் ஏறக்குறைய இதேதான். ஆக்ஸ்ஃபோர்டில் 24 பேரிடம் நடந்த ஆய்வு 2016-ல் வெளியானது. ஒன்பது நாள் கைப் பயிற்சியோடு இந்த மின்சாரத்தையும் சேர்த்துப் பெற்றவர்கள், மூன்று மாதம் கழித்தும் போலிக் குழுவைவிடச் சில அளவுகோல்களில் மேலாக இருந்தார்கள். நம்பிக்கை பிறந்தது. பிறகு அமெரிக்காவில் 'டிரான்ஸ்போர்ட் 2' என்ற ஆய்வு 129 பேரை மூன்று குழுக்களாகப் பிரித்தது. ஒரு குழுவுக்குப் போலி, ஒரு குழுவுக்கு 2 மில்லி ஆம்பியர், ஒரு குழுவுக்கு 4 மில்லி ஆம்பியர். மூன்று குழுவுக்கும் ஒரே பயிற்சி. மூன்று குழுவும் முன்னேறின. குழுக்களுக்கு இடையே சொல்லும்படியான வித்தியாசம் இல்லை.

பேச்சு இழந்தவர்களிடம் நிலைமை சற்று வேறு மாதிரி. 2018-ல் வெளியான 74 பேர் ஆய்வில், பேச்சுப் பயிற்சியோடு மின்சாரமும் பெற்றவர்கள் பொருள்களின் பெயரைச் சரியாகச் சொல்வதில் சராசரியாக 13.9 சொற்கள் கூடுதலாக முன்னேறினார்கள். போலிக் குழு 8.2. பெரிய ஆய்வு நடத்தலாம் என்று சொல்லும் அளவுக்கான ஆதாரம்தான் அது. எல்லோருக்கும் கொடுக்கலாம் என்ற அளவுக்கு இல்லை.

அரை நொடி கரன்ட்

இவ்வளவு தோல்விக்கு நடுவே ஒன்று மட்டும் எப்படித் தேறியது? அது மூளையைத் தொடவே இல்லை. கழுத்தில் ஓடும் வேகஸ் நரம்பைத் தொட்டது.

வேகஸ் நரம்பு மூளைத்தண்டிலிருந்து கிளம்பி இதயம், நுரையீரல், வயிறு என்று நீண்டு போகும் நரம்பு. கீழிருந்து மேலேயும் அது தகவல் கொண்டுபோகும். அதைத் தட்டினால் மூளைக்குள் அசிடைல்கோலின், நார்அட்ரினலின் போன்ற வேதிப்பொருள்கள் ஒரு கணம் சுரக்கும். "இப்ப நடந்தது முக்கியம், மனசுல வச்சுக்கோ" என்று மூளைக்குச் சொல்லும் சமிக்ஞை அது. டல்லாஸில் உள்ள டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் மைக்கேல் கில்கார்டும் சகாக்களும் பல ஆண்டுகள் எலிகளை வைத்து இதைச் சோதித்தார்கள். பக்கவாதம் உண்டாக்கப்பட்ட எலி, முன்னங்காலால் ஒரு பிடியைச் சரியாக இழுக்கும் அந்த நொடியிலேயே நரம்பைத் தூண்டினால் கால் பலம் நன்றாகத் திரும்பியது. அதே தூண்டலைப் பயிற்சி முடிந்து இரண்டு மணி நேரம் கழித்துக் கொடுத்தபோது அந்தப் பலன் வரவில்லை. இன்னும் வேடிக்கை, தூண்டல்களின் எண்ணிக்கையைக் கூட்டியபோதும் பலன் கூடவில்லை, குறைந்தது. ஆக, எப்போது தட்டுகிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

மனிதர்களிடம் நடந்த பெரிய ஆய்வு 2021 ஏப்ரலில் லான்செட் இதழில் வந்தது. கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தின் ஜெஸ்ஸி டாசன் முதன்மை ஆய்வாளர். பிரிட்டனிலும் அமெரிக்காவிலுமாக 19 மையங்கள், 108 பேர். பக்கவாதம் வந்து குறைந்தது 9 மாதம், அதிகபட்சம் 10 ஆண்டு ஆனவர்கள். அதாவது, பெரும்பாலான குடும்பங்கள் 'இனி அவ்வளவுதான்' என்று விட்டுவிடும் கட்டத்தில் இருப்பவர்கள். 108 பேருக்கும் மார்பில் தோலுக்கு அடியில் ஒரு சின்னக் கருவி பதிக்கப்பட்டது, அதிலிருந்து ஒரு கம்பி கழுத்தின் இடப்பக்க வேகஸ் நரம்புக்குப் போனது. ஆனால் பாதிப்பேருக்குப் பயிற்சியின்போது கருவியில் மின்சாரம் ஓடவில்லை.

பயிற்சி நடக்கும் விதத்தைக் கவனியுங்கள். வாரத்துக்கு மூன்று நாள், ஆறு வாரம். ஒவ்வொரு அமர்விலும் 300-க்கும் மேற்பட்ட அசைவுகள் இலக்கு. எட்டி எடுப்பது, பிடிப்பது, திருப்புவது, விடுவது, சாப்பிடுவது போன்ற அன்றாட வேலைகள். நோயாளி கையை நீட்டும்போது தெரபிஸ்ட் ஒரு பட்டனை அழுத்துவார், அரை நொடி மின்துடிப்பு போகும். அடுத்த அசைவு, அடுத்த அழுத்து. ஆறு வாரம் முடிந்ததும் வீட்டிலேயே பயிற்சி. நோயாளியே ஒரு காந்தத்தை மார்பின் மேல் காட்டிக் கருவியை இயக்கிக்கொள்ளலாம்.

கையை அளந்தது ஃபூகல்-மேயர் என்ற அளவுகோல். ஸ்வீடனில் 1975-ல் உருவானது, கைக்கு மொத்தம் 66 மதிப்பெண். ஆறு வாரப் பயிற்சி முடிந்த மறுநாள் தூண்டல் குழு சராசரியாக 5 மதிப்பெண் முன்னேறியிருந்தது, போலிக் குழு 2.4. மூன்று மாதம் கழித்து, வாழ்க்கையில் உணரக்கூடிய அளவுக்கு (6 மதிப்பெண்ணோ அதற்கு மேலோ) முன்னேறியவர்கள் தூண்டல் குழுவில் 47 சதவீதம், போலிக் குழுவில் 24 சதவீதம். அதே ஆண்டு ஆகஸ்டில் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 'விவிஸ்டிம்' என்ற பெயரில் இந்தக் கருவிக்கு அனுமதி கொடுத்தது.

நல்ல செய்திதான். ஆனாலும் சில விஷயங்களை மறைக்காமல் சொல்லியாக வேண்டும். பாதிக்கும் மேற்பட்டவர்கள் அந்த 6 மதிப்பெண்ணைத் தொடவில்லை. ஆய்வுக்குப் பணம் கொடுத்தது கருவியைத் தயாரிக்கும் மைக்ரோடிரான்ஸ்பாண்டர் நிறுவனம். ரத்தக்குழாய் அடைப்பால் வந்த பக்கவாதம் மட்டுமே சேர்க்கப்பட்டது, ரத்தக்கசிவு வந்தவர்கள் இல்லை. கையில் கொஞ்சமாவது அசைவு மிச்சமிருப்பவர்களைத்தான் எடுத்தார்கள், முற்றிலும் செயலிழந்த கைக்கு இது பொருந்தாது. அறுவை சிகிச்சை என்பதால் அதற்கான ஆபத்தும் உண்டு. ஒருவருக்குக் குரல்நாண் பாதிப்பு வந்து, ஐந்து வாரத்தில் சரியானது. அவர் போலிக் குழுவில் இருந்தவர்.

மூளைக்குள்ளேயே போகும் முறைகளும் வரிசையில் நிற்கின்றன. கிளீவ்லேண்ட் கிளினிக்கில் ஆந்த்ரே மச்சாடோ குழு, சிறுமூளைக்குள் மின்முனை பதித்துப் பயிற்சியும் கொடுத்த 12 பேரின் முடிவுகளை 2023-ல் வெளியிட்டது. ஒன்பது பேர் முன்னேறினார்கள். விரல்களில் ஓரளவு அசைவு மிச்சமிருந்தவர்களுக்கே அதிகப் பலன். அதே ஆண்டு பிட்ஸ்பர்க்கில் இரண்டு பெண்களுக்குக் கழுத்துத் தண்டுவடத்தில் 29 நாள் மின்முனை வைத்துப் பார்த்ததில், தூண்டல் ஓடும்போது மூடிக்கிடந்த கை திறந்தது. 12 பேர், 2 பேர் என்பதெல்லாம் ஆரம்பப் படிகள். எவரெஸ்ட் ஆய்வும் இப்படித்தான் தொடங்கியது என்பதை மறக்கக் கூடாது.

எத்தனை தடவை?

மேலே வந்த '300 அசைவுகள்' என்ற எண் சும்மா வந்ததில்லை. அமெரிக்காவின் கேத்தரின் லாங் என்ற ஆய்வாளரின் குழு, அமெரிக்கா, கனடா மறுவாழ்வு மையங்களில் நடந்த 312 பயிற்சி அமர்வுகளில் நேரடியாக உட்கார்ந்து எண்ணியது. 2009-ல் வெளியான அந்தக் கணக்கின்படி, கைக்கான பயனுள்ள அசைவுகள் பாதி அமர்வுகளில்தான் இடம்பெற்றன. இடம்பெற்ற அமர்வுகளிலும் சராசரி 32 தடவை. பணமும் வசதியும் உள்ள நாடுகளிலேயே நிலைமை இது. விலங்கு ஆய்வுகளில் மூளை மாற்றம் தெரிய, நாளுக்குச் சில நூறு தடவை தேவைப்பட்டது.

லண்டனின் குயீன் ஸ்கொயரில் நிக் வார்டு என்ற நரம்பியல் நிபுணர் நடத்தும் கைப் பயிற்சித் திட்டம் இதை நேர் எதிர்ப்பக்கமிருந்து காட்டுகிறது. நாளுக்கு ஆறு மணி நேரம், வாரத்துக்கு ஐந்து நாள், மூன்று வாரம். மொத்தம் 90 மணி நேரம். கரன்ட் கிடையாது, காந்தம் கிடையாது. 2019-ல் வெளியான அவர்களது அறிக்கையில் 224 பேர் இருந்தார்கள். பெரும்பாலோருக்குப் பக்கவாதம் வந்து மாதக்கணக்கு, வருடக்கணக்கு ஆகியிருந்தது. ஆறு மாதம் கழித்து ஃபூகல்-மேயர் அளவில் சுமார் 9 மதிப்பெண் முன்னேற்றம். ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு குழு இல்லாத திட்டம் என்பதால் இந்த 9-ஐ வேகஸ் ஆய்வின் 5-க்குப் பக்கத்தில் வைத்து வெற்றி தோல்வி பேசக் கூடாது. ஆனால் வாரம் இரண்டு முறை, 45 நிமிடம் என்ற கணக்கில் வீட்டுக்கு வரும் பிசியோதெரபியில் அந்த 90 மணி நேரத்தை எட்ட 60 வாரம் ஆகும். அதில் பாதி நேரம் காலுக்கும் நடைக்கும் போய்விடும்.

நல்ல கையைக் கட்டிப்போட்டு, பாதித்த கையை வேலை செய்ய வைக்கும் முறையும் உண்டு. நல்ல கைக்குத் தடித்த உறை மாட்டிவிடுவார்கள், சாப்பாடு முதல் கதவு திறப்பது வரை எல்லாம் மற்ற கைதான். 222 பேரிடம் நடந்த 'எக்சைட்' ஆய்வு 2006-லேயே இதன் பலனைக் காட்டியது, ஓராண்டு கழித்தும் அது நிலைத்தது. கொஞ்சமாவது மணிக்கட்டையும் விரலையும் அசைக்க முடிந்தவர்களுக்குத்தான் இது. தெரபிஸ்ட் மேற்பார்வை இல்லாமல் வீட்டில் கையைக் கட்டினால், விழுந்து இடுப்பெலும்பு முறிந்ததுதான் மிச்சமாகும்.

அதற்காக எதையும் எவ்வளவு சீக்கிரம், எவ்வளவு அதிகம் செய்தாலும் நல்லது என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. பக்கவாதம் வந்த 24 மணி நேரத்துக்குள் நோயாளியை அடிக்கடி எழுப்பி நடக்கவைத்த 'அவெர்ட்' என்ற 2,104 பேர் ஆய்வில், அப்படிச் செய்யப்பட்டவர்கள்தான் மூன்று மாதம் கழித்துச் சற்று மோசமாக இருந்தார்கள். அளவும் நேரமும் மருந்துக்குப் போலவே பயிற்சிக்கும் உண்டு.

நம்ம ஊரில் இல்லாதது எது?

இந்தியாவில் 14 மருத்துவமனைகளில் 1,250 பக்கவாத நோயாளிகளோடு 'அட்டெண்ட்' என்ற ஆய்வு நடந்து, 2017-ல் முடிவு வெளியானது. தெரபிஸ்டுகள் போதாத நாட்டில், குடும்பத்தில் ஒருவருக்கே பயிற்சி சொல்லிக்கொடுத்து வீட்டில் செய்ய வைத்தால் என்ன என்பதுதான் கேள்வி. கேட்பதற்கு நியாயமான, செலவு குறைந்த யோசனை. ஆறு மாதம் கழித்து, இறந்தவர்கள் அல்லது அடுத்தவரைச் சார்ந்து வாழ்பவர்கள் இரு குழுவிலும் 47 சதவீதம். வித்தியாசமே இல்லை.

மருமகளுக்கோ மகனுக்கோ அக்கறை இல்லை என்று இதற்கு அர்த்தமில்லை. சில மணி நேரம் சொல்லிக்கொடுத்துவிட்டு, பல ஆண்டு படித்த ஒரு தெரபிஸ்ட் செய்யும் வேலையை, சமையலுக்கும் சம்பாத்தியத்துக்கும் நடுவே அவர்கள் செய்துவிடுவார்கள் என்று எதிர்பார்த்ததில்தான் பிசகு இருக்கிறது. அந்த இடத்தைக் குடும்பத்தின் பாசத்தை வைத்து நிரப்ப முடியாது. இயந்திரத்தை வைத்தும் முடியாது என்பதைத்தான் நிச் ஆய்வும் டிரான்ஸ்போர்ட் ஆய்வும் சொல்கின்றன. தேறிய ஒரே முறையிலும் ஒவ்வொரு அசைவுக்கும் பட்டன் அழுத்த ஒரு தெரபிஸ்ட் பக்கத்தில் இருந்தார்.

தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்ட் 5-ல் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கப்பட்ட 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில், ரத்த அழுத்த, சர்க்கரை மாத்திரைகளோடு வீட்டுக்கே வரும் பிசியோதெரபியும் ஒரு பகுதி. சென்னை கே.கே.நகரில் அரசு மறுவாழ்வு மருத்துவ நிறுவனம் இருக்கிறது. அடித்தளம் இல்லாமல் இல்லை. ஆனால் இந்தத் திட்டங்களை எடைபோடும்போது 'எத்தனை பேர் பயன்பெற்றார்கள்' என்ற எண்தான் எப்போதும் முன்னால் வருகிறது. ஒரு பக்கவாத நோயாளிக்கு முதல் ஆறு மாதத்தில் எத்தனை மணி நேரம் பயிற்சி கிடைத்தது, அதில் கைக்கு எவ்வளவு, ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் ஒருமுறையாவது பார்த்தாரா என்பவையும் எண்ணப்பட வேண்டும். ஓர் அரசு மருத்துவமனைக்கு டி.எம்.எஸ். இயந்திரம் வாங்கித் திறப்பு விழா நடத்துவது எளிது. அதே பணத்துக்கு எத்தனை தெரபிஸ்டுகளை நியமிக்கலாம் என்று சுகாதாரத் துறை முதலில் கணக்குப் போட்டுப் பார்க்கட்டும். இன்று கையில் இருக்கும் ஆதாரம் இரண்டாவதுக்குத்தான் சாதகமாக இருக்கிறது.

புறா ரத்தம் தடவினால் கை வரும் என்று நம்பி அலைந்தவர்களைப் பார்த்துச் சிரிப்பவர்கள் உண்டு. கம்ப்யூட்டர் திரையும் வெள்ளைக் கோட்டும் இருக்கும் இடத்தில் அதே கேள்வியைக் கேட்க மட்டும் பலருக்குக் கூச்சமாக இருக்கிறது.

கிளினிக்கில் கேட்க வேண்டியவை

காந்தத் தூண்டலோ மின்தூண்டலோ மொத்தமாகத் தவிர்க்க வேண்டியவை என்று யாரும் சொல்லவில்லை. நல்ல மருத்துவமனைகளில் முறையான ஆய்வின் பகுதியாக அவை கொடுக்கப்படலாம். ஆய்வு என்றால் எழுத்துமூலம் சம்மதம் வாங்குவார்கள், சிகிச்சைக்குக் காசு கேட்க மாட்டார்கள். காசு கேட்டால் அது ஆய்வு இல்லை என்று புரிந்துகொள்ளலாம்.

"பத்து சிட்டிங் பேக்கேஜ்" என்று சொன்னால், அந்தப் பத்திலும் தூண்டல் முடிந்த கையோடு எவ்வளவு நேரம் பயிற்சி, யார் கொடுப்பார், ஒரு அமர்வில் எத்தனை அசைவுகள் என்று கேளுங்கள். "பயிற்சியை நீங்க வீட்ல பாத்துக்கோங்க" என்ற பதில் வந்தால் ஆய்வுகளில் நடந்த சிகிச்சை அங்கே நடக்கவில்லை. தொடங்கும் முன் ஃபூகல்-மேயர் மாதிரி ஏதாவது ஓர் அளவுகோலில் கையை அளந்து எழுதித் தரச் சொல்லுங்கள், முடிந்ததும் அதே அளவுகோலில் மறுபடி அளக்கச் சொல்லுங்கள். முன்பு, பின்பு என்று எடுக்கும் வீடியோ எதையும் நிரூபிக்காது.

பக்கவாதத்துக்குப் பிறகு வலிப்பு வந்ததுண்டா, தலைக்குள் கிளிப் அல்லது உலோகம் இருக்கிறதா, பேஸ்மேக்கர் இருக்கிறதா, காதுக்குள் காக்ளியர் கருவி இருக்கிறதா, என்னென்ன மாத்திரை போகிறது என்று சுருளைக் கையில் எடுப்பதற்கு முன்பே அவர்கள் கேட்டிருக்க வேண்டும். காந்தத் தூண்டலில் அபூர்வமாக வலிப்பு வரலாம். கேட்காவிட்டால் நீங்களே சொல்லுங்கள். சொன்ன பிறகும் "பரவாயில்லை, உட்காருங்க" என்றால் எழுந்து வந்துவிடலாம். பேக்கேஜுக்கு எடுத்துவைத்த பணத்தில் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் ஒருவரை அடுத்த மூன்று மாதத்துக்கு வாரம் எத்தனை நாள் வரவழைக்க முடியும் என்பதையும் வீட்டுக்கு வந்து கணக்குப் பாருங்கள்.